ஏ.எல். படிக்கும்போது தொண்டு அமைப்பில் பொறுப்பு எடுப்பது எப்படி: கடிதம் எழுதுபவள் சொல்வது

ஓகஸ்ட் பிறந்தால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான 'கொமன் அப்' விண்ணப்பம் ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 1ஆம் திகதி திறக்கிறது. அதற்குள்ளே தலைமைப் பொறுப்பு என்று ஒரு கட்டம் இருப்பது பல வீடுகளில் அப்போதுதான் கண்ணில் படும். "மிஸ், மகள் வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணப் போறா. உங்கட இடத்தில ஏதாவது ஒரு போஸ்ட் போட்டுத் தரலாமா? வைஸ் பிரசிடென்ட் எண்டாலும் பரவாயில்லை."

எங்களிடம் வைஸ் பிரசிடென்ட் இல்லை. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தலைவராக இருக்கிறார். செயலாளரும் பொருளாளரும் வேலைக்குப் போகிறவர்கள், மாதத்தில் ஒரு நாள் வருவார்கள். அன்றாட வேலைக்கு இணைப்பாளர் என்று நான் ஒருத்தி. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தின் பின்பக்கத்தில் மாலை வகுப்பு, சிறுவர் வாசிப்பறை, சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் மேசை, இவ்வளவுதான் எங்கள் அமைப்பு. பதவி இல்லை, வேலை மட்டும் எக்கச்சக்கம். அந்த வேலையை எப்படிப் பிடிப்பது, எப்படி நடத்துவது, பிறகு விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது என்பதை, பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்களுக்கு இது தேவைதானா?

பேராதனையோ மொறட்டுவையோதான் இலக்கு என்றால், விண்ணப்பத்துக்காக இதைச் செய்யத் தேவையில்லை. உள்ளூர் கம்பஸ் அனுமதியை, ஏ.எல். பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளிதான் தீர்மானிக்கிறது. கலைப்பீடத்தையும் இன்னும் சில பாடங்களையும் தவிர்த்தால், 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமைப் பட்டியல், 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்பது கணக்கு. சிறப்பு ஒதுக்கீட்டில் போகும் மிகச் சிலரை விட்டுவிட்டால், உங்கள் கழகப் பதவியைப் பார்க்க அங்கே ஆளில்லை. மனதுக்குப் பிடித்திருந்தால் வாருங்கள், வரவேற்போம். ஆனால் பாஸ்ட் பேப்பர் செய்ய வேண்டிய நேரத்தை எங்களிடம் கொண்டுவந்து கொட்டாதீர்கள்.

இங்கிலாந்துக்குப் போகிறவர்களின் கதை வேறு. அங்கத்தைய பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸில் 2026 அனுமதியிலிருந்து மூன்று கேள்விகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து 4000 எழுத்து. ஒக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் உங்களுக்குப் பாடத்தில் எவ்வளவு ஆழம் என்றுதான் பார்க்கின்றன. சட்டம் படிக்கப் போகும் பிள்ளை எங்கள் படிவ மேசையில் இருந்தால் அதைப் பற்றி எழுத இடம் உண்டு. இயற்பியலுக்குப் போகும் பிள்ளை உலர் உணவுப் பொதி கட்டியதைப் பக்கம் பக்கமாக எழுதினால் பயன் இல்லை. இந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் முடிவுத் திகதி ஒக்டோபர் 15 என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த விஷயம் உண்மையில் எடுபடுவது அமெரிக்காவில்தான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவருடைய குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் தெரிவுசெய்து, தேவையான உதவித்தொகையையும் தருகின்றன. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய கதவு. அதனால் போட்டியும் கடுமை. எல்லோரிடமும் நல்ல பெறுபேறு இருக்கும்போது, இந்தப் பிள்ளை வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தது என்று அவர்கள் தேடுகிறார்கள்.

படிவம் என்ன கேட்கிறது

கொமன் அப்பில் 10 செயற்பாடுகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் பதவிக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100 எழுத்து, நீங்கள் செய்ததைச் சொல்ல 150 எழுத்து. வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். எம்.ஐ.டி. தன்னுடைய தனிப் படிவத்தில் நான்கே நான்கு செயற்பாடுகளைத்தான் கேட்கிறது. சான்றிதழ்களை இணைக்கும் இடம் கொமன் அப்பில் கிடையாது. அம்மாமார் பிளாஸ்டிக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கும் அந்தச் சான்றிதழ் அடுக்கு, அம்மாமார் மன்னிக்க வேண்டும், அங்கே எடுபடாது.

50 எழுத்துக்குள் பதவி முடிந்துவிடும். மிச்சம் 150 எழுத்தில் சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் விஷயம். 'கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினேன், நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்தேன்' என்று எழுதினால் உலகம் முழுவதும் உள்ள எல்லாப் பிரசிடென்ட்மாரும் அதையேதான் எழுதியிருப்பார்கள்.

பொறுப்பு எடுத்த பிள்ளை யார், பட்டம் வாங்கிய பிள்ளை யார் என்று பிரித்துப் பார்க்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இந்தச் சனிக்கிழமை நீங்கள் வராவிட்டால் எது நின்றுபோகும்? பதில் உடனே வந்தால் அது தலைமை. யோசிக்க வேண்டியிருந்தால் அது பெயர்ப்பலகை.

புதிய அமைப்பு தொடங்காதீர்கள்

நிறுவுநர் என்ற சொல்லில் பெற்றாருக்கு ஒரு மயக்கம். லோகோ, முகநூல் பக்கம், ரீஷேர்ட் எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிடும். பிறகு அநாதை இல்லத்துக்கு ஒரு மதிய உணவு, படம் எடுப்பது, அவ்வளவுதான். பிள்ளை விமானம் ஏறியதும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும்.

முறையாகப் பதிவு செய்யலாமே என்பார்கள் சிலர். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதியலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாத வரையறைக் கம்பனியாகவும் பதியலாம். ஆனால் கம்பனியில் 18 வயது ஆகாதவர் பணிப்பாளராக இருக்க முடியாது. ஆக, அப்பாவும் மாமாவும் பணிப்பாளர்கள், பிள்ளை விண்ணப்பத்தில் மட்டும் நிறுவுநர். வருடா வருடம் கணக்கு முடிப்பது யார்? அதுவும் அப்பாதான். அதைவிட, ஏற்கெனவே கதவு திறந்திருக்கிற இடத்தில் உள்ள ஓட்டையை அடைப்பது மேல். உண்மையிலேயே எங்கள் பகுதியில் யாரும் செய்யாத ஒரு வேலை உங்கள் கண்ணில் பட்டால் தொடங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்டது கண்ணில் படவே ஒரு வருடம் அங்கே வேலை செய்திருக்க வேண்டும்.

எங்கே தேடுவது

பாடசாலைக்குள்ளேயே இன்டராக்ட், லியோ, சாரணர், சென் ஜோன்ஸ் முதலுதவிப் படை எல்லாம் உண்டு. ரோட்டரியின் இன்டராக்டில் 12 வயதிலிருந்து 18 வரை இருக்கலாம். அங்கே டொப் போர்ட், அதாவது கழகத்தின் நிர்வாகக் குழு, என்பது ஒரு வருடப் பதவி. அந்த வருடத்தில் பாதி இன்ஸ்டலேஷன் என்ற பதவியேற்பு விழாவிலும் பிளேசர் தைப்பதிலும் ஸ்பொன்சர் பிடிப்பதிலும் மலர் அச்சடிப்பதிலும் போய்விடுகிறது. டொப் போர்டில் இடம் கிடைத்தவர்கள் ஒன்று செய்யுங்கள்: வருடத்துக்குப் பன்னிரண்டு நிகழ்ச்சி என்ற பட்டியலைக் கிழித்துப்போட்டு, ஒரே இடத்துக்கு வருடம் முழுக்கப் போகும் ஒரு வேலையைக் கழகத்தின் பெயரில் பிடியுங்கள்.

வெளியே என்றால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். வெள்ளவத்தைப் பிள்ளை மட்டக்குளிக்கு வந்துபோக ரியூசன் இடைவெளி போதாது. மூன்றாவது வாரமே நின்றுவிடும். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது, இராமகிருஷ்ண மிஷன் இருக்கிறது. கோவில்களின் அறநெறிப் பாடசாலைகள், தேவாலயங்களின் இளைஞர் குழுக்கள், பள்ளிவாசல் நலன்புரிச் சங்கங்கள் எல்லா இடத்திலும் உண்டு. பெரிய பெயர் உள்ள சர்வதேச நிறுவனங்களில் பாடசாலைப் பிள்ளைக்கு உண்மையான பொறுப்பு கிடைப்பது அபூர்வம்; அவர்களுக்குச் சம்பள ஆட்கள் இருக்கிறார்கள். சிறிய இடத்தில்தான் இரண்டாம் மாதமே சாவிக்கொத்து உங்கள் கையில் இருக்கும்.

போய்க் கேட்கும்போது 'தலைமைப் பொறுப்பு வேண்டும்' என்று தொடங்காதீர்கள். "அன்ரி, உங்களுக்கு எந்த வேலை செய்யவே நேரம் கிடைக்கிறதில்லை?" என்று கேளுங்கள். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன். எந்த அமைப்பிலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: யார் வந்தார்கள் என்ற பதிவு, சில்லறைக் காசேடு, கொடை தந்தவருக்கு நன்றிக் கடிதம், சிங்களத்தில் வரும் கடிதங்களைத் தமிழில் சொல்லிக் கொடுப்பது. மூன்று மொழியும் ஓடும் கொழும்புப் பிள்ளைக்கு இந்தக் கடைசி வேலை சொந்தச் சொத்து மாதிரி. அதன் அருமை தெரியாமல் மரநடுகைக்கு ஓடுகிறார்கள்.

ஒரு கொப்பி செய்த வேலை

2023இல் அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வந்த நேரம். பட்டியலில் பெயர் வராதவர்கள், மேன்முறையீடு செய்ய வேண்டியவர்கள் என்று எங்கள் மேசைக்கு முன்னால் வரிசை. அப்போது 12ஆம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். ஃபோட்டோ கொப்பி எடுத்துவரும் வேலையைத்தான் கொடுத்தோம். இரண்டு வாரம் அதைச் செய்துவிட்டு, ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி வந்தான். வேலை முடியாமல் திரும்பிப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: திகதி, எந்தத் தோட்டம் (கொழும்பில் நெருக்கமான குடியிருப்பை அப்படித்தான் சொல்வோம்), என்ன குறை. ஆட்களுடைய பெயரை எழுதவில்லை. அது நான் சொல்லிக் கொடுத்ததல்ல, அவனுடைய புத்தி.

கொஞ்ச நாளில் கொப்பி பேசத் தொடங்கியது. திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரணத்துக்காகவே போயிருந்தார்கள். ஒன்று, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை. மற்றது, இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரே வீட்டு வரி இலக்கத்தில் மூன்று நான்கு குடும்பம் இருக்கும். கூரை ஒன்று, அடுப்பு வேறு. படிவத்தில் அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் ஒரே குடும்பமாக எழுதிவிட்டிருந்தார்கள்.

அவன் ஒரு பக்கத் தாள் தயாரித்தான். வருமுன் என்னென்ன கொண்டுவர வேண்டும், ஒரே இலக்கத்தில் பல குடும்பம் இருந்தால் எதைக் காட்ட வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும். கிராம உத்தியோகத்தரிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்தான். அவர் இரண்டு இடத்தில் திருத்தினார். பிறகு கோவில் பலகையிலும் சந்திப் பார்மசியிலும் ஒட்டினான். அடுத்தடுத்த வாரங்களில் ஆட்கள் கையில் கடதாசியோடு வரத் தொடங்கினார்கள், ஒருவருக்கு எடுத்த நேரம் பாதியாகக் குறைந்தது. 10ஆம் வகுப்புப் பிள்ளைகள் இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினான். தனக்கு ஏ.எல். நெருங்கியபோது மேசையை அவர்களிடம் விட்டான்.

பதவி? விண்ணப்பம் போடும் நேரத்தில்தான் இருவருமாக யோசித்து 'சனிக்கிழமை உதவி மேசைப் பொறுப்பாளர்' என்று வைத்தோம். அவன் எங்கே சேர்ந்தான் என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல இடம்தான். ஆனால் அவனுடைய கணிதமும் அதற்குக் காரணம். மேசையால் மட்டும் கிடைத்தது என்று நான் சொன்னால் அது பொய்.

இதில் பார்க்க வேண்டியது ஒழுங்குமுறை. முதலில் சொன்ன வேலையை முணுமுணுக்காமல் செய்வது, பிறகு எங்கே சிக்குகிறது என்று எழுதி வைப்பது, ஒரு சின்ன மாற்றம் செய்வது, அதைத் தெரிந்தவரிடம் சரிபார்ப்பது, கடைசியில் இன்னொருவரைப் பழக்குவது. எந்த அமைப்பிலும் இதைச் செய்யலாம். வாசிப்பறையில் இரவல் பதிவேட்டைப் பிடித்த ஒரு பிள்ளை, புத்தகம் திரும்பாத வீடுகளில் பெரும்பாலும் அம்மா இரவு வேலைக்குப் போகிறவர் என்று கண்டுபிடித்து, ஞாயிறு காலையிலும் புத்தகம் வாங்க ஏற்பாடு செய்தது. அதுவும் இதே வழிதான்.

காசு, படம், பாதுகாப்பு

காசு தொடும் வேலை என்றால் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். வகுப்பு நண்பர்களிடம் சேர்த்த காசை உங்கள் சொந்தக் கணக்கில் போடவே வேண்டாம். அமைப்பின் கணக்கில் போட்டு வங்கிச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது எத்தனையோ பிள்ளைகள் நல்ல மனதோடு காசு சேர்த்தார்கள். கணக்கு எழுதியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். எழுதாதவர்கள் வட்ஸ்அப் குழுவில் பதில் சொல்லிக் களைத்தார்கள்.

பொதி வாங்குகிறவர்களின் முகத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள். சிறுவர்களின் படத்தைப் பெற்றாரின் அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. வீடு வீடாகப் போகும் வேலைக்குத் தனியாகப் போக வேண்டாம்; பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும், வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

கடிதம்

கொமன் அப்பில் ஆசிரியர்களைத் தவிர 'மற்றப் பரிந்துரைப்பவர்' என்று ஒருவரையும் சேர்க்கலாம். எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு என் மின்னஞ்சலுக்கு வரும், கடிதத்தை நானே நேரடியாக ஏற்றுவேன். ஃபெர்பா என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி பின்னாளில் அதைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் வழக்கமாக மாணவர்கள் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பார்கள். அப்போதுதான் கடிதத்துக்கு மதிப்பு.

நம் ஊர் வழக்கம் தெரியும்தானே: "நீயே எழுதிக்கொண்டு வா, சேர் சைன் பண்ணுவார்." அதைச் செய்யாதீர்கள். உங்கள் கட்டுரையும் என் கடிதமும் ஒரே குரலில் இருந்தால் வாசிப்பவருக்கு உடனே விளங்கும். எனக்குத் தேவை ஒரு பக்கக் குறிப்பு: எப்போது தொடங்கினீர்கள், எந்த வேலை உங்கள் கையில் இருந்தது, நான் நேரில் பார்த்த இரண்டு மூன்று சம்பவங்கள், எந்தத் திகதிக்குள் வேண்டும். ஒரு மாதம் முன்பாவது தாருங்கள். நான் பார்க்காததை எழுத மாட்டேன். பார்த்ததை எழுத எனக்கு அலுப்பு வராது.

150 எழுத்தில் அடக்குவது

வினைச்சொல்லில் தொடங்குங்கள். எண்ணிக்கை இருந்தால் போடுங்கள், பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை மட்டும். அந்தப் பையனுடைய வரி தமிழில் சொன்னால் இப்படித்தான் இருந்தது: 'நலன்புரிப் படிவ மேசையை நடத்தினேன், நிராகரிப்புக் காரணங்களைப் பதிந்து இருமொழிச் சரிபார்ப்புத் தாள் தயாரித்தேன், இருவரைப் பழக்கினேன்.' உரிச்சொல் ஒன்றுகூட இல்லை. 'அர்ப்பணிப்புடன்', 'ஆர்வத்துடன்' எல்லாம் எழுத்தைத் தின்பவை.

மணித்தியாலத்தைக் கூட்டி எழுதாதீர்கள். பாடசாலை, ரியூசன், பத்துச் செயற்பாடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து வாரத்தின் 168 மணித்தியாலத்தையும் தாண்டும் விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை மூன்று மணித்தியாலம், வருடத்துக்கு 40 வாரம் என்பது நல்ல, நம்பக்கூடிய கணக்கு.

இன்னொன்று. புறக்கோட்டையில் அப்பாவின் கடையில் நிற்பதால் எந்தக் கழகத்திலும் சேர முடியாத பிள்ளைகள் என்னிடம் வெட்கப்பட்டுச் சொல்வார்கள். படிவத்திலேயே குடும்பப் பொறுப்பு என்றும் சம்பள வேலை என்றும் தனித்தனி வகை இருக்கிறது. ஹார்வர்டின் பட்டப்பின் கல்விப் பள்ளியில் இயங்கும் திட்டம் ஒன்று 2016இல் வெளியிட்ட அறிக்கையும், நீண்டகாலம் ஒரே இடத்தில் செய்யும் சேவைக்கும் குடும்பத்துக்குச் செய்யும் வேலைக்கும் சேர்க்கை அலுவலர்கள் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்டது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிற பிள்ளை, அதை எழுதாமல் ஒரு போலிப் பதவியைத் தேடி அலைவது எனக்குப் பெரிய கவலை.

எப்போது தொடங்கி எப்போது விடுவது

ஓ.எல். முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள இடைவெளிதான் தங்கமான நேரம். அப்போது தொடங்கினால் 12ஆம் வகுப்பில் வேலை கைக்கு வந்திருக்கும். 13ஆம் வகுப்பில் ஓகஸ்ட்டுக்குள் கையளித்துவிடுங்கள். அமெரிக்காவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் 'ஏர்லி' திகதி பெரும்பாலும் நவம்பர் 1. 2025இல் நம் ஏ.எல். பரீட்சை நவம்பர் 10இல் தொடங்கியது. இடையில் எத்தனை நாள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் மேசையும் உங்கள் தலையில் இருந்தால் எதுவும் உருப்படாது. ஏர்லி திகதியை விட்டு வழமையான ஜனவரித் திகதியைப் பிடிப்பதும் தவறில்லை.

கையளிக்கும்போது வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இரண்டு பக்கத்தில் எழுதி வையுங்கள்: சாவி யாரிடம், பதிவேடு எந்த அலமாரியில், கிராம உத்தியோகத்தர் எந்த நாட்களில் இருப்பார், எந்தக் கடையில் ஃபோட்டோ கொப்பி மலிவு. புதியவரோடு இரண்டு சனிக்கிழமையாவது சேர்ந்து இருங்கள்; இரண்டாவதில் நீங்கள் பேசாமல் பின்னால் உட்காருங்கள். வட்ஸ்அப் குழுவின் அட்மினையும் மாற்றிவிடுங்கள். பழைய பிள்ளை பொஸ்டனில் தூங்கிக்கொண்டிருக்க, இங்கே புதிய ஆளைக் குழுவில் சேர்க்க முடியாமல் நாங்கள் விடியும்வரை காத்திருந்தது உண்டு.